நாலு மணிக்குக் கூட்டிய வீடு

கதவு மூலையில் துடைப்பம் சாய்ந்து நிற்கிறது, நேற்று கைதவறிக் கொட்டிய பொரி அறை முழுக்கக் கிடக்கிறது, நான் தொடவில்லை, அம்மா இன்னும் ஆகாயத்தில் இருக்கிறாள், ஒருவர் பயணம் கிளம்பினால் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பாள், சென்னையிலிருந்து டொராண்டோ பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நடுவில் ஒரு விமானம் மாறி இருபத்து மூன்றரை மணி நேரம், அறைத்தோழன் ஜெபசீலன் கட்டிலிலிருந்து கால் நீட்டிப் பொரியை உதறுகிறான், மக்கா, கிளம்புன வீட்டுலல்லா கூட்டக் கூடாது, இங்க எதுக்குலே, அம்மை பிளேன்ல வாறாங்களா இந்தப் பொரியிலயா, சிரிக்கிறான், துடைப்பத்தை எடுக்கப் போகிறான், நான் குறுக்கே நிற்கிறேன், பொள்ளாச்சியில் அக்காவும் இன்று கூட்டாமல்தான் உட்கார்ந்திருப்பாள், ஒருமுறை தவறியது போதும்.

மூன்று வருடத்துக்கு முன் நான் இங்கே கிளம்பியபோது நாள்காட்டித் தாளின் பின்புறம் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன், ஏறுவது காலை மூன்று மணி, இறங்குவது மாலை நாலு மணி, டிக்கெட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன், அந்த நாலு கனடாவின் நாலு என்று எழுதவில்லை, அம்மா விரல்விட்டு எண்ணியிருக்கிறாள், பதின்மூன்று மணி நேரம், நம்மூர்க் கடிகாரத்தில் நாலு அடித்ததும் பையன் இறங்கிட்டான் என்று வாசல்வரை கூட்டித் தள்ளியிருக்கிறாள், நான் அப்போது மேகத்துக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்தேன், இன்னும் பத்தரை மணி நேரம் மிச்சம், இறங்கிப் பேசியபோதுதான் நான் அதுவரை பறந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது, நாலாம் மாதம் வேலை போனது, பனியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது, ஒவ்வொன்றுக்கும் போனில் அதே அழுகை, நீ எறங்கறக்கு முன்னாடியே கூட்டிப்போட்டேனே கண்ணு, எல்லாம் என்ற கையாலதான், நான் சும்மா இரும்மா என்றேனே தவிர, தப்பு என் எழுத்தில் என்று சொல்லவேயில்லை.

கைபேசி வரைபடத்தில் அம்மா ஒரு சிறு புள்ளியாகக் கடலைக் கடக்கிறாள், கடந்துவிட்டாள், விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறக்கிறது, சேலைக்கு மேல் அக்கா மகனின் ஸ்வெட்டர், வீங்கிய பாதம், இத்தன தூரமா கண்ணு நீ வந்த, என்கிறாள், காரில் சொல்ல வாயெடுத்தேன், அவள் தூங்கிவிட்டாள்.

அறைக்குள் வந்ததும் பொரியைப் பார்த்து நிற்கிறாள், இங்கயுமா கூட்டாம வெச்சிருக்கற, துடைப்பத்தை எடுத்தவள் என்னிடமே நீட்டுகிறாள், நீயே கூட்டு, என்ற கை வேண்டாம், நான் வாங்காமல் சொல்கிறேன், அம்மா, அந்த நாலு மணி இந்த ஊர் மணி, நாந்தான் உங்கிட்டச் சொல்லாம விட்டேன், உன்மேல ஒரு தப்பும் இல்லை, அவள் என் மணிக்கட்டை, பழைய முறிவை, தடவிப் பார்க்கிறாள், ரொம்ப நேரம், அப்ப நீயும் வந்து சேந்துட்டயல்ல, வந்துட்டேன்மா, ஜெபசீலன் காலைத் தூக்கிக்கொள்கிறான், துடைப்பம் அவள் கையில் அசைகிறது, பொரி சரசரவென்று வாசலை நோக்கி ஓடுகிறது.