பத்தொன்பது முத்திரைகள்

சைகோனில் எட்மோனுக்கு 1947 ஏப்ரல் முதல் 1966 செப்டம்பர் வரை வயது இருபத்திரண்டு. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் தெருக்களுக்குப் பெயர் மாறியது, பிரெஞ்சுக்காரன் கப்பலேறினான், அமெரிக்கன் வந்து இறங்கினான், அரிசி விலை ஏறப் பழகி இறங்க மறந்தது. எட்மோனுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அப்பா காரைக்காலிலிருந்து துறைமுகக் காவலுக்கு வந்தவர், அம்மா பென்-தான் சந்தையில் கீரை விற்ற வியட்நாம்காரி. வெள்ளைக்காரன் போகும்போது எந்த நாட்டுக் காகிதம் வேண்டும் என்று கேட்டார்கள். அம்மா கீரைக் கூடையோடு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று வியட்நாம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான் எட்மோன். அந்தக் கையெழுத்து பின்னால் அவனைத் தேடி வந்தது.

வேலை, மாரியம்மன் கோவிலுக்குப் பின்சந்தில் காசிவிஸ்வநாதன் செட்டியாரின் மசாலா அரவைக் கடையில். வட்டிக்கடைத் தொழில் படுத்தபோது ஊருக்கு மூட்டை கட்டாமல் மல்லியும் மிளகாயும் அரைத்து, கோழிக் குழம்புக்குத் தூள் கேட்டு வந்த வியட்நாம் பெண்களுக்கு விற்றுப் பிழைத்துக்கொண்டவர் செட்டியார். ஆள் வைப்பதில் அவர் செட்டிநாட்டு முறையை விடவில்லை. நல்ல நாள் பார்த்து, தண்டாயுதபாணி சந்நிதியில் தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு வெள்ளிக் காசும் வைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவன் கடை ஆள். முருகன் சாட்சி, முருகனிடம் யார் கையெழுத்துக் கேட்பது? தொழிலாளர் அலுவலகத்தில் ஆளை எழுத வேண்டும் என்ற சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. குடும்பப்படி, விபத்துக் காப்பு, விடுப்புச் சம்பளம் என்று நாலு ஆளை எழுதினால் ஐந்தாவது ஆளின் சம்பளம் காகிதத்துக்கே போய்விடும், அரவைக் கடை அதைத் தாங்காது என்பதும் தெரியும். “நம்ம பய. நமக்குள்ள என்னத்துக்குப்பா காயிதம்?” என்பார்.

அவரைக் கஞ்சன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். எட்மோனுக்கு மகள் சூசன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தது அவர். வேதக்காரக் குடும்பம் என்பதால் தீபாவளிக்கு ஒரு உடுப்பு, கிறிஸ்துமஸுக்கு ஒரு உடுப்பு என்று இரண்டாகக் கொடுத்தார். சந்துக்குள் குண்டு விழுந்த வருஷம் எட்மோன் குடும்பம் ஆறு மாதம் அவர் மாடியில்தான் இருந்தது. இப்படிப்பட்டவரிடம் போய், என் பேரை எழுதுங்கள் என்று எப்படிக் கேட்பது? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நினைத்து எட்மோன் வாயைத் திறக்கவே இல்லை.

முதல் ஏழெட்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் கவனித்தவர்கள், மஞ்சளும் மிளகும் படிந்த உடம்பு ஊறுகாய் மாதிரி, கெடாது என்றார்கள். சந்தைப் பெண்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூளை இருநூறு கிராம் கூடுதலாக வாங்கினார்கள். செட்டியாருக்கு அதில் கொஞ்சம் லாபமும் வந்தது. நஷ்டமெல்லாம் அவன் மனைவி மாரி-ரோஸுக்கு. அவள் ஒரு பிரெஞ்சு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். அவளுக்கு ஒழுங்காக வயது ஏறியது. முப்பதில் இடுப்பு பருத்தது, முப்பத்தைந்தில் முன்நெற்றி நரைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது ஒரு பூக்காரி, “மகன் லட்சணமாக இருக்கிறானே” என்றாள். அன்றிலிருந்து மாரி-ரோஸ் அவனுக்குப் பத்தடி பின்னால் நடந்தாள். மகள் சூசனுக்குப் பதினேழு ஆனபோது அப்பாவோடு சினிமாவுக்குப் போகக் கூசினாள். எல்லாரும் இளமை வேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிற உலகத்தில், எட்மோன் தேவமாதாவிடம் ஒரே ஒரு நரைமுடி கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

காரணத்தைக் கண்டுபிடித்தது மாரி-ரோஸ். தொழிலாளர் அலுவலகம் கொடுத்த அவளுடைய வேலைப் புத்தகத்தில் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு முத்திரை விழும். முத்திரை விழுந்த வாரத்தில் கண்ணாடியில் ஒரு புதுச் சுருக்கமும் தெரியும். “எனக்கு வருஷா வருஷம் குத்துறாங்க. ஒங்களுக்கு யாரு குத்துனா?” என்று கேட்டாள். எழுதாத வருஷம் அவன்மேல் ஒட்டாமல் வாசலோடு போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். புரிந்த பிறகும் இருவரும் இரண்டு வருஷம் செட்டியாரிடம் சொல்லவில்லை.

1966 ஆகஸ்ட் கடைசியில் சந்தையைச் சுற்றி வளைத்து, வியட்நாம் காகிதம் வைத்திருந்தவர்களைப் பட்டாளத்துக்குப் பிடித்தார்கள். எட்மோன் மிளகாய் மூட்டையோடு அகப்பட்டான். அவனுடைய அடையாள அட்டை பிறந்த வருஷம் 1925 என்றது, முகம் வேறு சொன்னது. அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். கள்ள அட்டைக்காரர்கள் பத்து வயதைக் கூட்டிப் போடுவார்கள், இவன் இருபதைப் போட்டிருக்கிறானே என்றார். ஞானஸ்நானம் எழுதிய கோவில் சண்டையில் எரிந்து போயிருந்தது. ஏழு நாளில் நாற்பது வயதுக்காரன் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் பயிற்சி முகாம், அங்கிருந்து முன்வரிசை. அந்த வருஷம் போனவர்கள் திரும்பி வருவது குறைவு.

அன்று மாலையே மாரி-ரோஸ் கடைக்குப் போய் நின்றாள். செட்டியார் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“மெசியே, நீங்க எங்களுக்குச் செஞ்சத நான் சாகுற மட்டும் மறக்க மாட்டேன். ஆனா நீங்க குடுத்த எதுலயும் எம் புருஷன் பேரு இல்ல. பேர எழுதாத வருஷம் அவருமேல ஒட்டல.”

செட்டியார் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “இத ஏன் ஆத்தா இத்தன வருஷம் சொல்லல?” என்றார்.

“நீங்க நல்லவரா இருந்தீங்க. அதான் கேக்க முடியல.”

அந்த வார்த்தை அவரைத் தைத்துவிட்டது. ஆறு நாள் புழுங்கினார். பக்கத்துக் கடை இராமகிருஷ்ணன் வந்து, இன்றைய தேதி போட்டு எழுதிவிடுங்கள், நூறு இருநூறோடு போய்விடும் என்று யோசனை சொன்னார். இன்றைய தேதி போட்டால் எட்மோனுக்கு இன்றிலிருந்துதான் வயது ஏறும். முகாமுக்குப் போகும்போது இருபத்திரண்டு வயதும் ஒரு நாளும் இருக்கும். உண்மைத் தேதி போட்டால் பத்தொன்பது வருஷப் பாக்கி, அபராதம் வேறு. அவ்வளவு பணம் செட்டியாரிடம் ஒரே இடத்தில் இருந்தது. அடுத்த தை மாதம் ஊரில் நடக்கவிருந்த அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டு வைத்த பணம். பந்தலுக்கு ஆள் சொல்லியாயிற்று, ஊரில் இருந்த அவர் மனைவி வெள்ளையம்மை ஆச்சி பட்டு எடுத்தாயிற்று.

ஏழாம் நாள் காலை எட்மோனைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டார். “1947 ஏப்ரல். நல்ல முகூர்த்த நாள்” என்றார் செட்டியார். பணம் கட்டியானதும் குமாஸ்தா புதுப் புத்தகத்தை விரித்து வருஷத்துக்கு ஒன்றாகக் குத்தத் தொடங்கினார். முதல் ஐந்து முத்திரைக்கு எட்மோனின் தாடை கொஞ்சம் கனத்தது. ஏழாவதுக்குச் சட்டைப் பொத்தான் வயிற்றில் இறுகியது. ஒன்பதாவதுக்குக் காதோரம் வெளுத்தது. பத்தாவதில் எட்மோன் கையை நீட்டித் தடுத்தான்.

“போதும் முதலாளி, பாதிப் பணத்தத் திருப்பி வாங்கிக்குங்க. ஆச்சி காத்திருப்பாங்க.”

“முப்பத்திரண்டு வயசுக்காரனையும் பிடிக்கிறாண்டா” என்றார் செட்டியார். குமாஸ்தாவைப் பார்த்து, “நீங்க குத்துங்கய்யா” என்று தமிழிலேயே சொன்னார். குமாஸ்தாவுக்குப் புரிந்தது.

பதிமூன்றாவதுக்கு ஒரு கடைவாய்ப்பல் உள்ளங்கையில் விழுந்தது. பதினாறாவதுக்கு ரசீதைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படித்தான். குமாஸ்தா வியப்படையவில்லை. போன மாதம் ஒரு அச்சுக்கோப்பவர் இதே நாற்காலியில் தாத்தாவானார் என்று சொல்லி, பத்தொன்பதாவது முத்திரைக்கு மை தொட்டார். அது விழுந்ததும் எட்மோன் பெருமூச்சு விட்டுக் கண்ணீர் விட்டான். செட்டியாரும் அழுதார். இத்தனை வருஷம் தன் கடையில் வேலை செய்தவனை அன்றுதான் முழுசாகப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்.

மதியம் பட்டாளத்து அதிகாரி எட்மோனின் முகத்தைப் பார்த்தார், எழுந்து நாற்காலி கொடுத்தார், அட்டையைத் திருப்பித் தந்தார். எடுக்காத பத்தொன்பது வருஷ விடுப்பின் களைப்பும் சேர்ந்து வந்திருந்ததால் எட்மோன் நாலு நாள் தூங்கினான். கடையில் மிச்சமிருந்த மூன்று பேரையும் செட்டியார் அந்த வாரமே எழுதினார். தூள் விலை கொஞ்சம் ஏறியது. சந்தைப் பெண்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கினார்கள். கல்யாணம் இல்லை என்று ஊருக்குக் கடிதம் எழுதக் கை வராமல் செட்டியார் பத்து நாள் கழித்து எழுதினார். வெள்ளையம்மை ஆச்சியின் பதில் இரண்டே வரி: “எழுபதில் செய்துகொள்ளலாம். பட்டு பத்திரமாக இருக்கிறது.” செட்டியார் அதை வாசித்துவிட்டு நெடுநேரம் தண்டாயுதபாணி படத்தின் முன் நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்மோன் பூசைக்குக் கிளம்பினான். மாரி-ரோஸ் பழக்கத்தில் பத்தடி பின்னால் வந்தாள். அவன் நின்று, அவள் வந்து சேரும் வரை காத்திருந்து, கையைப் பிடித்துக்கொண்டான். முனையில் ரோந்துச் சிப்பாய் ஒருவன் மறித்தான். எட்மோன் அட்டையையும் புது வேலைப் புத்தகத்தையும் நீட்டினான். சிப்பாய் இரண்டையும் திறக்கவில்லை. பெரியவரே, வெயிலாக இருக்கிறது, ஓரமாகப் போங்கள் என்றான். அவ்வளவு செலவு செய்து வாங்கிய புத்தகத்தை அதற்குப் பிறகும் யாரும் திறந்து பார்த்ததில்லை.

கோவிலின் மூன்றாவது படியில் எட்மோன் நின்றுவிட்டான்.

“முட்டி வலிக்குது ரோஸ்.”

“எனக்குந்தான்” என்றாள் அவள், சிரித்துக்கொண்டு. இருவரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்கள்.