கழிவுத்தொட்டி அலாரம்

அருவருப்பு என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள். மூன்று நாளாக முழங்கை வரை அதற்குள்தான் கிடந்தேன்.

எங்கள் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி பின்னறையை ஒட்டி இருக்கிறது. வெளியேறும் குழாயில் துணியோ முடியோ அடைத்துக்கொண்டால் நிரம்பி அறைக்குள் வழியும். நடக்க முடியாத அம்மா அங்கேதான் படுத்திருக்கிறாள். போன மாதம் கட்டில் கால் நனைந்தது. நான் பை தைக்கிறவள். மின்சாரம் என்றால் எனக்குத் தையல் மிஷின் மோட்டார்தான். ஆனாலும் வீடியோ பார்த்துப் பார்த்து, புரோகிராம் எழுதி ஏற்றினால் அதன்படி நடக்கும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் மிதவையும் பஸ்ஸரும் இணைத்தேன். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பஸ்ஸர் அலறும். முதல் வாரம் அலறியது, ஓடிப்போய் அடைப்பை எடுத்தேன்.

அடுத்த வாரம் சத்தமே இல்லை. வேலை முடிந்து வந்தபோது கழிவு பின்னறை வாசற்படி வரை வந்திருந்தது.

அடைப்பை எடுத்துவிட்டு, முதலில் மிதவையைச் சந்தேகப்பட்டேன். வெளியே எடுத்துக் கழுவினேன். அதில் ஒட்டியிருந்ததைச் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். புதிது மாற்றினேன், சத்தமில்லை. ஒயரை மாற்றினேன், அதற்கும் இல்லை. பஸ்ஸரை நேரே பேட்டரியில் வைத்தால் காது கிழிந்தது. மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அண்ணன் மூன்று நாளும் டீ கோப்பையோடு படியில் நின்று வேடிக்கை பார்த்தான். இன்னும் ஆழமாகத் துழாவச் சொல்லி யோசனை வேறு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நான்காம் நாள் காலை, போர்டை என் பழைய லேப்டாப்பில் இணைத்து மிதவையைக் கையால் தூக்கினேன். திரையில் ‘நிரம்பியது’ என்று வந்தது. அப்படியானால் மிதவை சரி, ஒயர் சரி. லேப்டாப்பில் இருந்த புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். பஸ்ஸரை ஒலிக்கச் சொல்லும் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள். அவை இருந்தால் போர்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். நான் போடவில்லை. இந்த வீட்டில் அது தெரிந்த இன்னொரு ஆள் அண்ணன்தான்.

போய்க் கேட்டேன். மீட்டிங் நடுவில் கத்தித் தொலைத்ததாம். அதனால் நிறுத்தினானாம், சொல்ல மறந்துவிட்டானாம்.

“மறந்தியா? நான் கைய விட்டுத் துழாவுறப்ப நின்னு பார்த்துட்டுத்தானே இருந்த?”

“நீயே கண்டுபிடிச்சாதானே கத்துக்குவ,” என்றான்.

இவனைவிடத் தொட்டி எவ்வளவோ தேவலை, அது நாற்றத்தை மறைப்பதில்லை.

சாய்கோடுகளை அழித்துப் புரோகிராமைத் திரும்ப ஏற்றினேன். மிதவையைத் தொட்டிக்குள் இறக்கியதுமே பஸ்ஸர் அலறியது. மறுபடி அடைத்துக்கொண்டு தொட்டி நிஜமாகவே நிரம்பியிருந்தது. அண்ணனை இழுத்து வந்து கம்பியையும் வாளியையும் கையில் திணித்தேன். மூடியைத் திறந்ததும் அவன் முகம் கோணியது.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“அவனை விட்டுடும்மா. அவனுக்கு நாத்தம் ஒத்துக்காது. உனக்குத்தான் பழகிடுச்சே.”

அண்ணன் வாளியை நீட்டினான். இன்னும் கால் மணி நேரம் போனால் அம்மாவின் கட்டில் நனையும். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.