கிராணியாரின் தும்மல்

சிலிம் ரிவரை அடுத்த மூங்கிலாத்துத் தோட்டத்தில், மாலை வேளையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது தண்ணீருக்காக மட்டும் இல்லை. இருளாயி வாளியைக் கீழே வைத்தால் போதும், பெண்கள் துணி அலசுவதை நிறுத்திவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அவளுக்கு, பார்த்தவரைப் போலவே நின்று நடந்து பேசிக் காட்டும் வரம் இருந்தது. வேலையாட்களை மேய்க்கும் தண்டல் வெற்றிலை துப்ப இடம் தேடுவதைச் செய்வாள். கடைக்காரச் சீனத் தவுக்கே விசிறிக்கொண்டே தூங்குவதைச் செய்வாள். ஆனாலும் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது கிராணியாரின் தும்மலைத்தான்.

கிராணி பெரியநாயகம் தோட்டத்து ஆபீசில் வேலை பார்ப்பவர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதும் அவர்தான். அந்தப் பனி அவருக்கு ஆகாது. தும்மல் வரும், ஆனால் லேசில் வராது. குடையை ஒரு பக்கம் நீட்டி, ஒரு காலைத் தூக்கி, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்து நிற்பார். வராது. சரி போகட்டும் என்று காலை இறக்கும்போது வெடிக்கும். உடனே “சேசுவே!” என்பார். பிறகு வேறு யாரோ தும்மிவிட்டதைப் போலச் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

ஒருநாள் இருளாயி துடைப்பத்தைக் குடையாக நீட்டிக்கொண்டு இதைச் செய்துகொண்டிருந்தபோது சிரிப்பு திடீரென்று நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் பின்னால் கிராணியாரே நிற்கிறார். அவள் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

கிராணியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “காலு சாலா இருளாயி, தப்பு. நான் எடது காலத்தான் தூக்குவேன். நீ சோத்துக்காலத் தூக்குற.”

தொட்டியடியே அதிர்ந்தது. அன்று முதல் அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், “இப்ப கால் சரியா இருக்கா ஐயா?” என்று யாராவது கேட்பார்கள். “இன்னும் கொஞ்சம் ஒசரம்லா” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அப்படி இருக்கும்போதுதான் புதுத் துரை வந்து சேர்ந்தார். உயரமான வெள்ளைக்காரர், காற்சட்டையை அடிக்கடி மேலே இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பவர். தமிழ் அரைகுறை.

ஒரு காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், கிராணியார் இன்னும் ஆபீசுக்குள்தான் இருந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த கூட்டாளி பாப்பா, “அக்கா, ஒரு தும்மல் போடேன், சூடாவாச்சும் ஆகும்” என்றாள். இருளாயி போட்டாள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் ஓயவில்லை. துரை தொடையைத் தட்டிக்கொண்டு நின்றார். அதே நேரம் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு கிராணியார் வெளியே வந்தார்.

துரை அவரைக் கையால் சுட்டிக்காட்டினார். “கிராணி! இது கிராணி! ஏய், நீ, இன்னொரு வாட்டி செய்!”

துரை சொன்னால் என்ன செய்ய? இருளாயி செய்தாள். இடது காலைத்தான் தூக்கினாள், சரியான உயரத்தில். துரை ஒருவர்தான் சிரித்தார். மற்றவர்கள் வாளியைப் பார்த்தார்கள், கத்தியைப் பார்த்தார்கள், அவரவர் காலைப் பார்த்தார்கள். கிராணியார் யார் முகத்தையும் பார்க்காமல் பேர் கூப்பிட்டு முடித்தார்.

அதற்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கம் வருவதில்லை. இருளாயி எதிரில் வந்தால் குடையைச் சாய்த்துக்கொண்டு போனார்.

“அதே தும்மல்தானே பாப்பா? அதே காலுதானே? அன்னைக்கி சிரிச்ச மனுசன் இன்னைக்கி ஏன் மூஞ்சியத் தூக்குறாரு?” இருளாயிக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரையை ஒடித்துக்கொண்டு நேரே கிராணி வீட்டுக்கே போனாள். அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கெர்ட்ரூட் அம்மா வீட்டில் இருந்தாள்.

“நீங்க சிரிச்சத அவரு வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு இருளாயி,” என்றாள் கெர்ட்ரூட், கீரையை ஆய்ந்துகொண்டே. “இப்பத் துரை அவரப் பாக்குறப்பல்லாம் ஒத்தக் காலத் தூக்கிக் காட்டுறாராம். வேற ஆபீஸ்காரங்க வந்தா அவங்க முன்னாடியும் காட்டுறாராம். இவரு தும்மல் வந்தா மூக்கப் புடிச்சிக்கிட்டு ஸ்டோருக்குப் பின்னால ஓடுறாரு. அங்க போனா தும்மலும் வரமாட்டேங்குது.”

இருளாயிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் சிரிப்பு போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் கிராணியாரே ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தார்.

“துரை உன்னையக் கூப்பிடுறாரு. பங்களாவுல தேத்தண்ணி விருந்து. ஈப்போலேருந்து ஆளுங்க வந்திருக்காங்க.” குடையைத் தரையில் ஊன்றினார். “நீ என்னையச் செஞ்சு காட்டணுமாம்.”

“போவலன்னா என்ன ஐயா?”

“சூசாலா, கஷ்டம். உனக்கும் சூசா, எனக்கும் சூசா.”

செம்மண் சாலையில் அவர் முன்னால் நடக்க, அவள் பின்னால் நடந்தாள். அவருடைய கழுத்து வேர்த்திருந்தது. தன்னைக் கேலி செய்யப் போகிறவளைத் தானே கூட்டிக்கொண்டு போகிற மனிதரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பங்களா வராந்தாவில் வெள்ளைக்காரர்களும் துரைசானிகளும் உட்கார்ந்திருந்தார்கள். இருளாயியைப் புல்தரையில் நிற்கச் சொன்னார்கள். கிராணியாரைப் படிக்கட்டு ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள், அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காக. “ஆரம்பி!” என்றார் துரை.

இருளாயி மூச்சை இழுத்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்டினாள். எட்டு வைத்து நடந்தாள், நின்றாள், இடுப்பில் இல்லாத காற்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு மரத்தை முறைத்தாள். “ஹாம்,” என்றாள். மறுபடி நடந்தாள், மறுபடி இழுத்துவிட்டாள். பிடரியில் கொசு கடித்தது. பட்டென்று அடித்துவிட்டு, பக்கத்தில் யாரோ அடித்ததுபோல் கோபத்தோடு திரும்பினாள். “ஹாம்!”

வராந்தாவில் ஒருவர் தேத்தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். துரையின் துரைசானி கைக்குட்டையால் முகத்தை மூடினார். அவர் தோள்கள் குலுங்கின. இருளாயி செய்தது யாரை என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, ஒருவரைத் தவிர.

துரை முகம் சுளித்தார். “கிராணி, இது நீ இல்லையே. யார் இது?”

எல்லாரும் கிராணியாரைப் பார்த்தார்கள். இருளாயியும் பார்த்தாள். கிராணியார் தொண்டையைச் செருமினார்.

“அடுத்த தோட்டத்துத் துரை, சார்,” என்றார் இங்கிலீஷில்.

அடுத்த தோட்டத்துத் துரை அன்றைக்கு வரவில்லை. துரைக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ஒரு நொடி யோசித்தார் துரை. பிறகு சிரித்தார் பாருங்கள், கிராணியாரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை.

“அவனேதான்! அப்படியே அவன்! நடையைப் பாருங்கள், முட்டாள் நடை!” என்று கத்திக்கொண்டே எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் எட்டு வைத்து நடந்தார், நின்றார், காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விருந்தாளிகள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். தும்மலைக் கேட்க யாருக்கும் நினைவில்லை. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து ஒரு பிஸ்கட் டின்னை இருளாயி கையில் கொடுத்தார்.

பங்களா கண்ணுக்கு மறையும் வளைவு வரைக்கும் இருவரும் வேகமாக நடந்தார்கள். அங்கே கிராணியார் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“பாவி! அவரு கண்டுபிடிச்சிருந்தா?”

“எப்படிக் கண்டுபிடிப்பாரு ஐயா? தன் நடைய யாரு பாத்திருக்கா?” பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கி ரெண்டாந் தடவ நான் செஞ்சிருக்கக் கூடாது.”

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தொட்டிக்கிட்ட நீ செஞ்சா, காலு தப்புன்னு நான் சொல்லலாம். நீயும் ஏதாச்சும் திருப்பிச் சொல்லுவ. துரைகிட்ட நான் என்ன சொல்றது? பல்ல இளிச்சிக்கிட்டு நிக்கணும். தும்மல் அதேதான் இருளாயி. நிக்கிற எடந்தான் வேற.”

வீட்டில் கெர்ட்ரூட் வாசலிலேயே காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டுச் சிரித்துக் களைத்த பிறகு, “சரி, என்னையச் செய்யி பாப்போம்” என்றாள். இருளாயி கிராணியாரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினார். இருளாயி கேட்கவில்லை. கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சேற்றில் கால் படாமல் குதித்துக் குதித்து, கெர்ட்ரூட் கோயிலுக்குப் போவதைப் போல வாசலில் நடந்து காட்டினாள்.

கெர்ட்ரூட்டின் முகம் சுருங்கியது. “நான் ஒண்ணும் அப்படிக் குதிக்கல,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிராணியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிஸ்கட் டின்னை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருளாயி யோசித்தாள்.

கெர்ட்ரூட் திரும்பி வந்தாள். கையில் காப்பி இல்லை, வாளி இருந்தது. அதை டொங்கென்று கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யாரும் சிரிப்பதற்கு முன்னாலேயே தானே முதலில் சிரித்தாள், மூக்கால், குறட்டை மாதிரி.

இருளாயிக்குக் காது சுட்டது. “நானா அது? நான் அப்படியா சிரிக்கிறேன்?”

“அப்படியேதான்,” என்றார் கிராணியார்.

ஏதோ வெடுக்கென்று சொல்ல வாயைத் திறந்தாள் இருளாயி. வந்தது சிரிப்புதான், மூக்கால்.