ஒருமுறையும் விழாதவர்

ஹேடன் பார்ஃபிட் என்று கேட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 'கண்ணாடி'யின் வீடு எது என்று கேட்டால் தபால்காரர் கூடவே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார். வேல்ஸ் நாட்டு ரோண்டாவில் தெருவுக்கு ஆறு டேவிஸ், ஏழு ஜோன்ஸ். அதனால் ஆளுக்கொரு பட்டப்பெயர் இல்லாமல் காரியம் நடக்காது. ரொட்டி விற்றவர் ரொட்டி டேவிஸ், பிணப்பெட்டி செய்தவர் பெட்டி ஜோன்ஸ். பார்ஃபிட் என்று அங்கே இருந்ததே ஒரே குடும்பம்தான், அவருக்கு அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை. இருந்தாலும் 'கண்ணாடி' என்று ஒட்டினார்கள். தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரராக அவர் ஏறிய முப்பத்தோரு சண்டையில் பதினொன்றில் தரையில் கிடந்தார், நடுவர் நிதானமாகப் பத்து எண்ணி முடித்தார். தாடை கண்ணாடி, தட்டினால் போச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவர் கையை விட்டு அந்தத் தொழில் போய் முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷம் பேருந்து ஓட்டினார், ஒருத்தர் மேலும் இடித்ததில்லை. அதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம், தொழிலாளர் கிளப்பின் மாடி அறையில் பழைய குத்துச்சண்டைக்காரர்கள் கூடுவார்கள். ஒரு காலத்தில் நாற்பது பேர், இப்போது பதினொருவர். செத்தவர்களுக்கு ஒரு நிமிடம் மௌனம், பிறகு பீர், பன்றி இறைச்சி உருண்டை, பட்டாணி. எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: யார் தாடை உறுதி? நம்மவர்களில் அதிக அடி வாங்கியும் விழாமல் நின்றது யார்? செயலாளர் ரெஜ் டீக்கின் மேடையேறியதே நாலு தடவைதான், ஆனால் மற்ற எல்லாருடைய சண்டைகளையும் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் ஒன்று முதல் பதினைந்து வரை பெயர்கள்.

"முதல் இடம் எம்லின். அதுல பேச்சே கிடையாது," என்றார் ரெஜ்.

"சரி, ரெண்டாவது இடம் எப்படி விட்டனுக்கு வந்துச்சு? ஸ்வான்சீ சண்டையில முட்டி போட்டானே, நானே பாத்தேன்," என்றார் டில்வின். பேசாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

"அது வழுக்கினது. தரையில தண்ணி கொட்டிக் கிடந்துச்சு. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"வழுக்கினதா! அப்ப நம்ம கண்ணாடியும் பதினோரு தடவை வழுக்கினவன்தான். என்ன மாப்ளே, உன் ஒருத்தனுக்காக வேல்ஸ் முழுக்கத் தண்ணியைக் கொட்டி வெச்சிருந்தானுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹேடனும் சிரித்தார். பதினைந்தாவது இடத்தில் அவர் பெயர் வருஷக்கணக்காக அழிக்கப்படாமல் இருந்ததால், அந்த எழுத்துகள் மட்டும் பலகையில் ஊறிப்போயிருந்தன. மனைவி மோரீன் போய் ஒன்பது வருஷம். மகன் ஆஸ்திரேலியாவில், ஞாயிறு காலை பத்து நிமிடம் தொலைபேசியில் வருவான். மீதி வாரம் முழுக்க வானொலிதான் பேசும். பத்துப் பேர் கூடிக் கேலி செய்வது, ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்காமல் இருப்பதைவிட மேல் என்று ஹேடன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையும்தான்.

ஆனால் அவரிடம் இன்னொரு உண்மையும் இருந்தது. அந்தப் பலகையை ஒரே வாக்கியத்தில் புரட்டிப் போடக்கூடியது. முதல் இடத்தில் இருந்த எம்லின் ப்ராசரைக் கடைசி இடத்துக் கண்ணாடி ஒருமுறை தரையில் விழவைத்திருக்கிறார்.

அது ஒரு மார்ச் மாதக் காலை, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் கூடம். பயிற்சியாளர் சிகரெட் வாங்க வெளியே போயிருந்தார். கூடத்தில் இரண்டே பேர். எம்லின் வழக்கம்போல முகத்தை நீட்டிக்கொண்டு, "அடிடா, கொசு கடிச்ச மாதிரிகூட இல்லை," என்று சீண்டிக்கொண்டிருந்தார். ஹேடனின் இடது கை சுழன்று போனது. எங்கே பட்டது என்று அவரே பார்க்கவில்லை. எம்லின் முதலில் உட்கார்ந்தார், பிறகு நிதானமாக, படுக்கப் போகிறவர்போலப் பக்கவாட்டில் சாய்ந்தார்.  ஹேடன் என்ன செய்வதென்று தெரியாமல் எண்ண ஆரம்பித்தார். பத்தோடு நிறுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பதினாலில் எம்லின் கண்ணைத் திறந்தார்.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்லை."

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே ஹேடன். பன்னிரண்டு நாள்ல எனக்கு லண்டன்ல சண்டை. என்னை எதுக்குக் கூப்பிடறாங்க? ஜெயிக்கவா? வளர்ற பையனுக்கு எட்டு ரவுண்டு ஈடு கொடுக்க ஆள் வேணும், ப்ராசர் விழமாட்டான், அவனைக் கூப்பிடு. அவ்வளவுதான். கண்ணாடி கையால விழுந்தேன்னு தெரிஞ்சா எவன் கூப்பிடுவான்? நெஸ்டா வேற வாயும் வயிறுமா இருக்கா."

"நான் ஏன்டா சொல்லப் போறேன்?"

"ரெஜ் கேப்பான். துருவித் துருவிக் கேப்பான்."

"இல்லைன்னுடறேன்."

"நானே வந்து கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லணும். நாளைக்குக் குடிச்சிட்டு நானே நாலு பேருக்கு முன்னாடி உளறினாலும், நீ இல்லைன்னு சாதிக்கணும். சத்தியம் பண்ணு."

எம்லின் தரையில் உட்கார்ந்தபடியே கையுறையை நீட்டினார். ஹேடன் தன் கையுறையால் அதைத் தொட்டார். அந்தக் கூடத்தில் அப்படித் தொட்டுவிட்டால் பிறகு பேச்சு மாறக் கூடாது. பேச்சு மாறியவனோடு யாரும் பயிற்சிக்கு நிற்க மாட்டார்கள்.

ஹேடன் மாறவில்லை. மோரீனிடம்கூடச் சொல்லவில்லை. எம்லின் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மேடை ஏறினார். மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு சண்டை, பெரும்பாலும் தோல்வி, எல்லாவற்றிலும் நின்ற காலோடு தோல்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் டில்வின் கண்ணாடியைப் பிடித்துக் கலாய்க்கும்போது, எம்லின் மட்டும் சிரிக்க மாட்டார். பீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும் கையிலிருந்து ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்துவார். யார் கண்ணிலும் படாது. 'எனக்குத் தெரியும்டா' என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு விரல் போதுமானதாக இருந்தது. அதை நம்பித்தான் ஹேடன் இத்தனை வருஷக் கேலியையும் தாங்கினார். கண்ணாடி என்று பெயர் வைத்தவர்களுக்கு அந்தத் தாங்கல் கணக்கில் வரவில்லை.

பிறகு எம்லினுக்கு மறதி வந்தது. முதலில் சட்டைப் பொத்தான், பிறகு தெரு, பிறகு பெற்ற மகள். தலையில் வாங்கியதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது என்றார் மருத்துவர். விழுந்தவன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். நின்றவன் நின்று வாங்கிக்கொண்டே இருந்தான். முதியோர் இல்லத்தில் சேர்த்து இரண்டு வருஷம் ஆகியும் ஹேடன் போய்ப் பார்க்கவில்லை. 'நீ யார்?' என்று எம்லின் கேட்டுவிடுவாரோ என்று பயம். அப்படிக் கேட்டுவிட்டால், அந்த மார்ச் மாதக் காலை இவர் ஒருவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது நடந்ததா நடக்காததா என்று யார் சொல்வது?

எம்லினுக்கு எழுபது வயது ஆனபோது சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. ரெஜ் வாசகத்தைப் படித்துக் காட்டினார்: 'எம்லின் ப்ராசர். நூற்றுப்பன்னிரண்டு சண்டைகள். மேடையிலோ பயிற்சிக் கூடத்திலோ ஒருமுறையும் விழாதவர்.'

"எழுத்துல போடறோம். அவன் விழுந்ததை யாராவது பாத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க," என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஹேடன் முறை வந்தபோது டில்வின் முந்திக்கொண்டார். "இவன் எங்க பாத்திருக்கப் போறான்? இவன்தான் எப்பவும் கண்ணை மூடிப் படுத்துக் கெடந்தானே!"

ரெஜ் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். நாக்கு நுனியில் வந்தது திரும்பிப் போனது.

இல்லத்துக்கு வேனில் ஏழு பேர் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலிலேயே எம்லினின் மனைவி நெஸ்டா காத்திருந்தார். ஹேடனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாவது வந்தியே ஹேடன். நேத்து ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டிருந்தேன், அந்தப் பத்திரத்தை அவர் கட்டிலுக்கு நேரா மாட்டணும். என்னையே மறந்துட்டார். தான் யாருன்னாவது கண்ணு முழிச்சா தெரியட்டும்."

எம்லின் ஜன்னலோரம் நாற்காலியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். ரெஜைப் பாதிரியார் என்றார். டில்வினைப் பார்த்து, "டாக்டர், இந்த மாத்திரை வயித்தைப் புரட்டுது," என்று முறையிட்டார்.  ஹேடன் எல்லாருக்கும் பின்னால் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

ரெஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசகத்தைப் படித்தார். 'ஒருமுறையும் விழாதவர்' என்று முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எம்லின் தட்டவில்லை. நெற்றி சுருங்கியது.

"பொய்," என்றார். "விழுந்திருக்கேன்."

"இல்லைங்க, நீங்க விழுந்ததே இல்லை," என்றார் நெஸ்டா.

எம்லின் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கதவோரம் வந்ததும் பார்வை நின்றது. தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த கையிலிருந்து ஆள்காட்டி விரல் லேசாக உயர்ந்தது.

"ஹேடன்!" என்றார். "எங்கேடா போயிருந்தே இத்தனை நாளா? இவங்ககிட்ட சொல்லு. இவன்தான் என்னைப் போட்டான். இடது கை. அப்பா, என்ன அடி!"

அறை சிரிப்பால் அதிர்ந்தது. "கண்ணாடியா! ஈ உக்காந்தா இவன் விழுவான்!" என்றார் டில்வின். ரெஜ் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஹேடன்," என்றார். அவர் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "நிஜமா? நிஜம்னா சொல்லு. நான் மாத்தி எழுதறேன்."

சிரிப்பு நின்றது. எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. இப்படி ஒரு நிமிடத்துக்காகத்தான் ஹேடன் முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும், ரெஜ் பென்சிலோடு நிற்கிறார். நெஸ்டா பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தார்.

"சொல்லேன்டா," என்றார் எம்லின். "நான்தானே கேக்கறேன். உண்டா, இல்லையா?"

நானே வந்து கேட்டாலும். நாலு பேருக்கு முன்னாடி உளறினாலும். ஹேடனுக்கு அந்தக் கையுறையின் ஈரத்தோல் வாசனைகூட வந்தது. சோதித்துப் பார்க்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தார். நினைக்கும்போதே சந்தோஷமாக இருந்தது. நான் இன்னும் பேச்சு மாறவில்லை பார்.

"இல்லை எம்லின்," என்றார். "உன்னை ஒருத்தனும் விழவெச்சதில்லை."

ரெஜ் பென்சிலைப் பைக்குள் போட்டார். நெஸ்டா மூச்சை விட்டார். எம்லினின் விரல் மெதுவாகக் கோப்பைக்குத் திரும்பியது. அவர் ஹேடனையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்து போவது தெரிந்தது.

"அப்ப நீங்க ஹேடன் இல்லை," என்றார். "ஹேடனா இருந்தா தெரிஞ்சிருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க, பாக்க அவனாட்டமே இருந்தீங்க."

பிறகு கேக் வெட்டினார்கள். ரெஜ் ஆணியடித்துப் பத்திரத்தைக் கட்டிலுக்கு நேரே மாட்டினார். எம்லின் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், நெஸ்டா ஒவ்வொரு தடவையும் படித்துச் சொன்னார். நாலாவது தடவை எம்லினின் முகம் மலர்ந்தது.

எல்லாரும் வேனில் ஏறிய பிறகு, தொப்பியை மறந்துவிட்டதாகச் சொல்லி ஹேடன் இறங்கி ஓடினார். தொப்பி அவர் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. நெஸ்டா கோப்பைகளைக் கழுவப் போயிருந்தார். எம்லின் தனியாக இருந்தார். ஹேடன் நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, சத்தியத்தை மீறினார்.

"எம்லின், நான்தான்டா ஹேடன். அப்ப சொன்னது பொய். மார்ச் மாசம், சர்ச்சுக்குப் பின்னாடி, சிகரெட் வாங்கப் போயிருந்தாரே. இடது கை. நான் பதினாலு எண்ணுற வரைக்கும் நீ கண்ணைத் திறக்கலை. நீயும் நானும் மட்டும்தான்டா இருந்தோம்."

எம்லின் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அடம்பிடிக்கிற குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல அவர் தோளைத் தட்டினார்.

"அது வேற யாராவது இருக்கும், சார். என்னை ஒருத்தனும் விழவெச்சதில்லை. அங்க எழுதி மாட்டியிருக்கு பாருங்க. எனக்கு எழுத்து மங்கலா தெரியுது. கொஞ்சம் படிங்களேன்."

ஹேடன் எழுந்து நின்று படித்தார்.

"கடைசி வரி," என்றார் எம்லின். "அதை மட்டும் இன்னொரு தடவை."

வாசலில் வேன் ஒலி எழுப்பியது. ஹேடன் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.