மணி கட்டிய பெட்டி

அம்மாவின் நெற்றி சூடாகத்தான் இருந்தது. தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியின் சூடு என்று அண்ணன் சொன்னான். மெழுகுவர்த்தி நெற்றியைச் சுடுமா? சவப்பெட்டியை மூடுவதற்கு முன் கடைசி முத்தம் கொடுத்தது நான்தான். என் உதடு உணர்ந்ததை ஏன் அழுத்திச் சொல்லாமல் விட்டேன்?

அந்த நினைப்பை உதறிவிட்டு டோரீன் கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். பெங்களூரு அடுகோடியில் ஒரு லேத் பட்டறையின் மேல்மாடியில் இருந்தது அந்த ஒலிப்பதிவு அறை. குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் செயலி ஒன்றுக்காக, ஆங்கிலச் சொற்றொடர்கள் பிறந்த கதைகளை அவள் தமிழில் வாசித்துத் தருகிறாள். இன்றைக்கு ‘சேவ்ட் பை தி பெல்’, அதாவது மணியால் பிழைத்தவன். கடைசி நொடியில் தப்பித்தவனைப் பற்றிச் சொல்வது.

தாளில் இப்படி இருந்தது: அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்களையும் செத்துவிட்டதாக நினைத்துப் புதைத்துவிடுவார்கள். அதனால் பிணத்தின் விரலில் கயிறு கட்டி, மேலே ஒரு மணியோடு இணைத்தார்கள். உள்ளே கண் விழித்தவர் விரலை அசைத்தால் மணி அடிக்கும்.

அம்மாவின் விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அதை இழுத்திருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும்?

காலையில் இறந்துபோனவளை மாலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள், மழைக்கு முன் முடிக்க வேண்டுமென்று. டாக்டர் வந்து பார்த்துத்தான் இறந்துவிட்டதாகச் சொன்னார். அது டோரீனுக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

“டோரீன்க்கா, ரெடியா?” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ஒலிப்பதிவு செய்யும் ரகுவின் குரல் ஹெட்போன் வழியே காதுக்குள் வந்தது. “கொஞ்சம் நடுங்குற மாதிரி படிங்க. சக்கத்தா, சூப்பரா வரணும்.”

“ரகு, இது குத்துச்சண்டைல இருந்து வந்தது. அடி வாங்கிச் சாயப் போறவன ரவுண்டு முடியற மணி காப்பாத்தும். அவ்வளவுதான்.”

“தெரியும்க்கா. பாக்ஸிங் கதைய எவன் கேப்பான்? இதுன்னா பசங்க போர்வைக்குள்ள பூந்துகிட்டு கடைசி வரைக்கும் கேப்பாங்க.” சிரித்தான். “நல்லவேளை, எங்க வீட்ல எரிச்சிடுவோம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். “சாரிக்கா. அம்மா விஷயம் மறந்துட்டேன். ஆனா இன்னிக்கே அனுப்பணும். நீங்க முடியாதுன்னா, குரல் கொடுக்குற இன்னொரு பொண்ணு ஷ்ரேயாவ கூப்பிடச் சொல்றாங்க கம்பெனில. அப்புறம் வர்ற வேலையெல்லாம் அவளுக்குத்தான்.”

அவள் மைக்கின் பக்கம் நகர்ந்தாள்.

“கதவு லேசா திறந்திருக்கட்டும் ரகு.”

“லேத் சத்தம் வருதுக்கா.”

அவனே வந்து இழுத்துச் சாத்தினான். பஞ்சு வைத்த சுவர்கள் அவள் மூச்சை விழுங்கின. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். சத்தமே எழவில்லை. இங்கே கத்தினாலும் வெளியே கேட்காது.

“அந்தக் காலத்தில்...” என்று தொடங்கினாள். குரல் தானாகவே நடுங்கியது. ரகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். போன வாரம் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த ஒரு குழந்தை எங்கோ இதைக் கேட்கும். என்னைப் போலவே யாரிடமும் கேட்காமல் இருந்துவிடும். இருட்டில் மணிச்சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே படுத்திருக்கும். அந்தப் பயத்தை அதற்குக் கொடுத்தது என் குரலாக இருக்கும்.

ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கதவைத் தள்ளித் திறந்தாள். லேத்தின் இரைச்சல் உள்ளே வந்தது.

“என்னாச்சுக்கா? நல்லாத்தானே வந்துச்சு.”

“குத்துச்சண்டைய எழுதிக் கொடு, படிக்கிறேன்,” என்றாள். தாளை அவன் மேசையில் கவிழ்த்து வைத்தாள். “இத நான் படிக்க மாட்டேன் ரகு.”