குவாத்தமாலாவில் கூவிய சேவல்

போடி ஏலக்காய் வியாபாரிகளில் குவாத்தமாலாவை என் அளவுக்குத் திட்டியவர் யாரும் கிடையாது. எங்கள் காய்க்கு விலை இறங்கினால் குவாத்தமாலா காரணம். ஏறாமல் நின்றாலும் அதுவே காரணம். ஒருநாள் என் தோட்டத்துக்கு ஏறும் குரங்கணி மலை ரோட்டில் ஜீப்பு பஞ்சரானபோதுகூட நான் அந்த நாட்டைத்தான் நாலு வார்த்தை சொன்னேன் என்று என் மனைவி சந்திரவல்லி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கேயும் ஏலக்காய் விளைகிறது என்பது மட்டும்தான். திட்டுவதற்கு அது போதாதா?

அப்படிப்பட்ட நான் போன ஆடி மாதம் குவாத்தமாலாவுக்கே போனேன். எங்களிடம் காய் வாங்கும் ஒரு பெரிய கை, எங்களில் சிலரை அந்த ஊர்த் தோட்டங்களைப் பார்த்துவர அழைத்தார். டிக்கெட், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. டிக்கெட்டில் மாரீஸ்வரன் என்று என் பெயரை அச்சில் பார்த்ததும் என் கொள்கை அங்கேயே படுத்துவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. என் அக்கா முனீஸ்வரி.

அக்கா பக்கத்து ஊரான தேவாரத்தில் இருக்கிறாள். அத்தான் தவறிய பிறகு அவளுக்கென்று இருக்கும் ஆண்துணை நான் ஒருவன்தான், அதை நான் நாலு பேர் முன்னால் அடிக்கடி சொல்லவும் செய்வேன். அவள் மகள் ரோஜாவுக்குப் போடியில் மாப்பிள்ளை அமைந்து, பூ வைக்க நாள் குறிப்பது மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் பூ வைக்கும்போது பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவன் வரவில்லை என்றால் இந்தச் சம்பந்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவனுக்கு ஒரு மகனும் இருந்துவிட்டால், பெண்ணைத் தன் மகனுக்கு எடுக்க நினைக்கிறான் என்று அர்த்தம். எனக்கு ஒரு மகன் இருக்கிறான். பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, ஆனால் ஊர் வாய்க்கு அந்த விவரமெல்லாம் வேண்டாம்.

"நாள் குறிக்கிற வரைக்கும் எங்கயும் போயிராதடா" என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள்.

"நான் எங்கக்கா போகப்போறேன்? தோட்டத்த விட்டா கடை, கடைய விட்டாத் தோட்டம்" என்று நானும் சொல்லியிருந்தேன்.

டிக்கெட் வந்ததும் உட்கார்ந்து யோசித்தேன். நடப்பது ஆடி மாதம். ஆடியில் எவன் பூ வைப்பான்? ஆவணி பிறப்பதற்குள் நான் திரும்பிவிடுவேன். அக்காவிடம் சொன்னால் போகாதே என்பாள், சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. இவ்வளவு அழகாக யோசித்த மண்டையில் பதினெட்டாம் பெருக்கு என்று ஒரு நாள் ஆடியில் இருப்பது மட்டும் உறைக்கவில்லை. ஆடி முழுக்க ஆகாது என்று ஒதுக்குகிறவர்களும் அந்த ஒரு நாளை நல்ல நாளாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. எனக்கும் தெரியும்.

அடுத்த கவலை போன். தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் என் பழைய நம்பர்தான் மனப்பாடம். அக்காவிடம் இருப்பதோ பட்டன் போன். சந்திரவல்லி என் போனை வாங்கி எதையோ தட்டிவிட்டுக் கொடுத்தாள்.

"வைஃபை காலிங்க ஆன் பண்ணிருக்கேன். அங்க போயி ஃபிளைட் மோடு போட்டுட்டு வைஃபைய மட்டும் தொறந்து வைங்க. ஒங்க நம்பருக்கு யாரு அடிச்சாலும் இங்க அடிக்கிற மாதிரியே அடிக்கும். புது சிம்மெல்லாம் வேண்டாம்."

"நான் வெளிநாட்டுல இருக்கேன்னு அடிக்கிற ஆளுக்குத் தெரியாதா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களாச் சொன்னாத்தான் தெரியும். ஆனா நான் அண்ணிகிட்டப் பொய் சொல்ல மாட்டேன், கேட்டுக்கங்க. அவுக கேக்காத வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன், அம்புட்டுத்தான்."

மூன்று விமானம் மாறிப் போய் இறங்கினால், குரங்கணிக்கு மேலே ஏறிய மாதிரியே இருந்தது. அதே சரிவு, அதே மேகம், மர நிழலில் அதே ஏலச்செடி. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எரிச்சலாக வந்தது. எங்களை ஒரு தோட்டத்து விருந்தினர் விடுதியில் தங்கவைத்தார்கள். அங்கே வைஃபை எல்லா இடத்துக்கும் எட்டாது. சமையல்கட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு இருந்த இடத்தில்தான் ஒழுங்காகக் கிடைத்தது. அதுவும் பேசத்தான் தாங்கும், வீடியோ போட்டால் முகம் பாதி வரும்போதே நின்றுவிடும். நமக்கு விடிகிறபோது அங்கே இருட்டும், அங்கே விடிகிறபோது நமக்கு இருட்டும். அதனால் விடிந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் போய்விடுவேன். ஊரில் பொழுது சாய்ந்து எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அது.

நாலாம் நாளோ என்னவோ, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"மாரி, எங்கடா இருக்க?"

"மேல தோட்டத்துலக்கா." வாயில் நுரையோடு என்ன சரளமாக வந்தது தெரியுமா? "ஏலப்பழம் எடுப்பு நடக்குது. அசைய முடியல."

"மாப்ள வீட்டுல இருந்து ஆள் வந்துச்சுடா. பதினெட்டாம் பெருக்கன்னைக்குச் சாயங்காலம் பூ வைக்க வர்றாகளாம். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நீ வெரசா எறங்கி வந்துரு."

எனக்கு நுரை தொண்டைக்குள் போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அக்கா, நான் இந்த மாதிரி வந்துவிட்டேன், தேதியைத் தள்ளிப்போடு என்று ஒரு வார்த்தை. நான் சொன்னது, "வந்துர்றேன்க்கா."

கூட்டின் மேல் நின்று ஒரு சிவப்புச் சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது.

"அது என்னடா சத்தம்?"

"சேவல்க்கா. தோட்டத்துச் சேவல்."

"சேவலா?" என்றாள் அக்கா. "சரி, நான் விளக்கு வைக்கணும்" என்று போனை வைத்துவிட்டாள். தப்பித்தேன் என்று நிம்மதியாக வாய் கொப்பளித்தேன். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

டிக்கெட்டை முன்னால் மாற்றக் கெஞ்சிப் பார்த்தேன். மூன்று விமானத்தில் ஒன்றில் இடம் இருந்தால் அடுத்ததில் இல்லை. எப்படிப் பார்த்தாலும் பெருக்கு முடிந்த பிறகுதான் போடிக்குப் போய்ச் சேர முடியும். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அதைவிடப் பெரிய பொய் ஒன்றைத் தயார்செய்தேன்.

"அக்கா, மேல ரோட்டுல பாறை சரிஞ்சு கெடக்கு. ஜீப்பு எறங்காது. நீங்க காரியத்த நடத்துங்க, நான் போன்லயே இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நடந்து வர முடியாதாடா?"

"ஹலோ? ஹலோ? அக்கா, கேக்கல!" சட்டைத் துணியைப் போன் மேல் வைத்துத் தேய்த்தேன். "சிக்னல் இல்லக்கா! கேக்கவே இல்ல!" என்று கத்திவிட்டுக் கட் பண்ணினேன். கோழிக்குத் தீனி போட வந்த சமையல்கார அம்மாள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. விடிந்தும் விடியாமலும் நான் வேட்டி கட்டி, திருநீறு பூசி, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தாய்மாமனாக உட்கார்ந்தேன். போன் அடித்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கூட்டத்துச் சத்தம், வளையல் சத்தம், யாரோ காப்பி கேட்பது எல்லாம் பக்கத்து அறையில் நடப்பது போலக் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பா லிங்கேஸ்வரன் பேசினார். "என்ன சம்மந்தி, பாறை சரிஞ்சிருச்சாமே?"

"ஆமா சம்மந்தி. பெரிய பாறை. ஜீப்பு போக வழியில்ல."

"அப்படியா? எங்க ஜீப்பு ரெண்டும் அந்த ரோட்டுலதான ஓடுது. இன்னைக்குக் காலையிலகூட லோடு எறக்கிட்டு வந்துச்சு. ரோடு நல்லாத்தான் இருக்குன்னு டிரைவர் சொன்னான்."

அவர்களிடம் ஜீப் இருப்பது எனக்குத் தெரியும். எந்த ரோட்டில் ஓடுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

"அது போக" என்று அவர் தொடர்ந்தார், "மேல தோட்டத்துல மரத்துல ஏறி நின்னாலும் சிக்னல் கெடைக்காது. நீங்க அடுத்த தெருவுல இருக்க மாதிரி பேசுறீக." அவர் குரல் மாறிவிட்டது. "மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு மறைக்க வேண்டாம். பொண்ண ஒங்க மகனுக்கு முடிக்கணும்னு நெனப்பிருந்தா இப்பவே சொல்லிருங்க. நாங்க எந்திரிச்சுப் போயிர்றோம்."

என் அக்கா அத்தனை பேர் முன்னால் தட்டோடு நிற்பது என் கண்முன் வந்தது. உள்ளே ரோஜா தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருப்பாள். இனி ஒரு பொய்கூட மிச்சமில்லை.

"சம்மந்தி, நான் குரங்கணியில இல்ல. குவாத்தமாலாவுல இருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

லிங்கேஸ்வரன் சிரிக்கவில்லை. "எது, நீங்க டெய்லி திட்டுற ஊரா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது ஒங்களுக்கு? நேத்து என் போன்ல இருந்து அடிச்சேன். நம்மூரு ரிங்குதான் போச்சு. நம்பரும் அதே நம்பரு."

"அது வைஃபை காலிங்கு சம்மந்தி. நம்பர் மாறாது. சந்திரா, சொல்லு!"

"நெசந்தாண்ணே" என்றாள், அக்கா வீட்டுக்கு வந்திருந்த சந்திரவல்லி.

"இவ்வளவு நேரம் இங்கனதானம்மா இருந்த? பாறை கதைய நாங்க பேசும்போது நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?" என்றார் அவர். வீடியோ போடச் சொன்னார்கள். சந்திரவல்லி தன் போனில் இருந்து கூப்பிட்டாள். என் நெற்றித் திருநீறு வரைக்கும் வந்து படம் நின்றுவிட்டது. திருநீற்றில் எந்த நாடு என்று எழுதியா இருக்கும்? வாழ்க்கையிலேயே முதல்முறையாக உண்மை சொல்லி மாட்டிக்கொண்டு முழித்தேன்.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. பதற்றமே இல்லாத குரல்.

"மாரி, அந்தச் சேவல் பக்கத்துல இருக்கா?"

"எந்தச் சேவல்க்கா?"

"அன்னைக்குக் கூவுச்சே, அது. இருந்தாக் கூவவிடு."

எனக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அக்கா சொன்னால் செய்து பழக்கம். கூட்டைத் தட்டினேன். சேவல் இறங்கி ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனை நீட்டிப் பிடித்தபடி, "கூவு ராசா, ஒரு தடவ கூவு" என்று பின்னால் ஓடினேன். தினமும் நான் போன் பேசும்போதெல்லாம் கத்துகிற சனியன் அன்றைக்கென்று வாயை மூடிக்கொண்டது. என் குரலும் மூச்சும் ஸ்பீக்கர் வழியாகத் தேவாரம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தன. சமையல்கார அம்மாள் வாசலுக்கு வந்து, தலையில் அடித்துக்கொண்டு, கையிலிருந்த மக்காச்சோளத்தை வீசினாள். சேவல் நின்றது. கொத்தியது. சுவர் மேல் ஏறிச் சிறகை அடித்து ஒரு கூவல் கூவியது பாருங்கள், அந்த மலைக்கே கேட்டிருக்கும்.

"விளக்கு வைக்கிற நேரத்துல சேவல் கூவுதே!" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பதறுவது கேட்டது.

"இங்கதான் விளக்கு வைக்கிற நேரம்" என்றாள் அக்கா. "அங்க இப்பத்தான் விடியுது. நம்மூருச் சேவல் எது பொழுதடையக் கூவும்? என் தம்பி பாறைன்னு சொன்னது பொய்யி. இப்பச் சொல்றது நெசம். அவன் மனசுல வேற ஒண்ணும் இல்ல. அதுக்கு நான் பொறுப்பு."

லிங்கேஸ்வரனும் சிரித்துவிட்டார். "நம்ம தோட்டத்துல கோழி ஏதுங்க? வச்சா நரி விடுமா? சரி சம்மந்தி, மாமன் வாயால ஒரு வார்த்த சொல்லுங்க."

"முழுச் சம்மதம் சம்மந்தி" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதற்கு யாரும் சிக்னலைக் குறை சொல்லவில்லை.

அக்கா போனை வெற்றிலைக்கும் பழத்துக்கும் நடுவில் தட்டிலேயே வைத்துவிட்டாள். சந்திரவல்லி தட்டைப் பிடிக்க, தட்டோடு நானும் லிங்கேஸ்வரன் கைக்குப் போனேன். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. கோழிக்கூட்டுப் பக்கம் எழுந்து நின்று கும்பிட்டேன்.

எல்லாம் முடிந்து, அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அக்கா, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. நான் இங்க விளக்குத் திரியக் கிள்ளிக்கிட்டு இருக்கேன், ஒனக்குச் சேவல் கூவுது."

"அப்பறம் ஏன்க்கா கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா. டெய்லி போன் அடிக்கும்போதெல்லாம், இன்னைக்குச் சொல்லிருவான், இன்னைக்குச் சொல்லிருவான்னு."

சேவல் மறுபடியும் கூவியது. அந்தப் பக்கம் அக்கா பொறுத்துப் பார்த்தாள்.

"என்னடா, ஒன் சத்தத்தையே காணோம்? கேக்குதா?"

"கேக்குதுக்கா" என்றேன். "நல்லாக் கேக்குது."