கீழறையில் ஒலிநாடா இருக்கிறதாம்

என் மருமகள் பல்கலைக்கழகத்தில், தொடர்பியலில் முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறாள். மனுஷன் மனுஷனோடு பேசுவதைப் பற்றித்தான் அங்கே படிப்பு. ஆனால் ஒருத்தரோடு ஒருத்தர் வாய் திறப்பதில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் ஒரு வழிகாட்டியில் எழுதிப் போடுகிறார்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எந்தப் பழைய பத்திரிகை எந்த மாடியில் என்று மாணவர், பேராசிரியர், நூலகர் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஊர் கூடி எழுதுவது என்றாலே எனக்கு நம்பிக்கை கிடையாது.

அவளுடைய கடைசி அத்தியாயம் பழைய வானொலி நாடகங்களைப் பற்றியது. அந்த ஒலிநாடாக்கள் நூலகத்தின் கீழறையில் இருப்பதாக வழிகாட்டி சொன்னது. வாரக் கடைசிக்குள் அத்தியாயம் போகாவிட்டால் அவள் பதிவு ரத்து. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

நூலகர் தலையை நிமிர்த்தாமல் கணினியைத் தட்டினார்.

“இருக்கும்மா. கீழறை, வலது பக்கம். காலையில மட்டும் திறந்திருக்கும்.”

“நீங்க பார்த்திருக்கீங்களா?” என்றேன்.

“வழிகாட்டியில போட்டிருக்கே, ஐயா.”

“அது கிடக்கட்டும். உங்க கண்ணு பார்த்துச்சா?”

“இவர் யாரும்மா?”

“மாமனார் சார். கொஞ்சம் அப்படித்தான்.”

நூலகர் சாவியைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கதவைத் தள்ளினால், கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டிய கம்பளம், செத்த பல்லி. நாடா ஒரு முழம்கூட இல்லை. பேத்தி வீறிட்டு அழுதாள். அந்த அறையில் கேட்ட ஒரே ஒலி அதுதான்.

அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியரைப் போன் போட்டு வரவழைத்தோம். அறையைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், மறுபடி அறையைப் பார்த்தார்.

“யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க. வழிகாட்டியில தெளிவா இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த வரியை யார் எழுதியது என்று கைபேசியில் தோண்டினாள். அதில் அழித்தது எதுவும் அழியாமல் பின்னால் கிடக்குமாம். தோண்டத் தோண்ட அவள் முகம் போன போக்கு சரியில்லை.

“மாமா, நான்தான்.”

“என்ன நீதான்?”

“வந்த புதுசுல, ‘நாடக ஒலிநாடா கீழறையில இருக்காமே, யாராவது பார்த்தீங்களா’ன்னு ஒரு கேள்வி போட்டிருக்கேன். மறந்தே போச்சு. எங்க பேராசிரியர் கேள்வியை அழிச்சிட்டு, ‘அரிய தொகுப்பு’ன்னு தலைப்பு வச்சிருக்கார். அதைப் பார்த்து நூலகர் நேரம் போட்டிருக்கார்.”

“சபாஷ்! இல்லாத சாமானுக்குத் திறக்கிற நேரமுமா?”

அவள் அந்த வரியை அழித்தாள். வீடு வந்து சேர்வதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் திரும்பப் போட்டுவிட்டான். காரணமும் எழுதியிருந்தான்: ‘ஆதாரமின்றி நீக்கப்பட்டது.’

அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாடகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த வரி வளர்ந்த கதையையே அத்தியாயமாக எழுத உட்கார்ந்தாள். தன் கேள்வியைத்தான் முதலில் வைத்தாள். குழந்தை என் தலையில்.

கெடு முடிவதற்குள் பேராசிரியர் முன்னால் கொண்டுபோய் வைத்தோம். படிக்கப் படிக்க அவர் கண்ணாடி மூக்கில் இறங்கியது.

“இதெல்லாம் நடந்ததுக்கு என்னம்மா ஆதாரம்?”

“வழிகாட்டியிலேயே இருக்கு சார். யார் எதை மாத்தினதுன்னு பேரோட. காட்டவா?”

“வேண்டாம், வேண்டாம்” என்று கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. அந்த வரியும் அப்படியேதான் இருக்கிறது. கீழறைக்கு வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இப்போது புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம். கூட்டம் தாங்கவில்லை போலிருக்கிறது.